ஃப்ரீ: பனியன் ஊரில் ஒரு சொல்லின் வரலாறு

1

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு சொல் கண்ணில் படாமல் இருக்காது. கரண்டுக் கம்பத்திலும், கக்கூஸ் சுவரிலும், டீக்கடைத் தூணிலும் ஒட்டியிருக்கும் ஆளெடுப்பு நோட்டீசுகளில் அது இருக்கும். டெய்லர் தேவை, செக்கிங் பெண்கள் தேவை. ரூம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, வேன் ஃப்ரீ.

இந்த ஊரில் இங்கிலீஷ் படிக்காத ஆளுக்கும் தெரிந்த இங்கிலீஷ் சொற்களில் இது ஒன்று. காசு வாங்காமல் கொடுத்தால் ஃப்ரீ. எல்லா உடம்புக்கும் ஒரே அளவில் தைத்தால் ஃப்ரீ சைஸ். 1990களின் நடுவில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது சாயப்பட்டறைக்காரர்களும் எக்ஸ்போர்ட்காரர்களும் 'அசோ ஃப்ரீ' என்று சர்ட்டிபிகேட் வாங்கப் பறந்தார்கள். அங்கே ஃப்ரீ என்றால் 'இல்லாதது'. குழந்தைத் தொழிலாளர் ஃப்ரீ என்று கம்பெனி வாசலில் போர்டு மாட்டினார்கள். இத்தனை ஃப்ரீ பார்த்த இந்த ஊரில் 'சாதி ஃப்ரீ' என்று ஒரு லேபிள் எந்தப் பனியனின் கழுத்திலும் தைக்கப்பட்டதில்லை. எந்த வெளிநாட்டுப் பையரும் அதைக் கேட்டதாகவும் நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஃப்ரீ உண்டு. அது என் அப்பா சொல்லித் தெரிந்தது. பண்ணையத்தை விட்டுவிட்டு அவர் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் காலையில் சூப்பர்வைசர் வந்து, "ஆர்டர் முடிஞ்சிருச்சு, நாலு நாளைக்கு நீங்கெல்லாம் ஃப்ரீ, போயிட்டு வாங்க" என்றாராம். பண்ணையத்தில் வருஷம் பூராவும் ஒருநாள் லீவு கண்டறியாத மனுஷன். சந்தோஷமாக ஊருக்கு வந்து நாலு நாள் திண்ணையில் படுத்துக் கிடந்திருக்கிறார். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் புரிந்தது. வேலை இல்லை, கூலியும் இல்லை என்பதைத்தான் அந்த ஆள் அவ்வளவு நல்ல வார்த்தையில் சொல்லியிருக்கிறார். "அன்னிக்கிருந்து அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு வவுறு எரியும்" என்பார் அப்பா.

அப்பாவின் வயிற்றெரிச்சலில் ஒரு வரலாறு இருக்கிறது. விடுதலை என்ற பொருளைத் தரவேண்டிய ஒரு சொல், நம்மிடம் வரும்போது மட்டும் ஏன் இலவசமாகவும், வேலையின்மையாகவும், கூலியின்மையாகவும் வந்து சேர்கிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் பின்தொடர்கிறது.

2

சொல்லின் வீட்டிலிருந்தே தொடங்குவோம். இங்கிலீஷில் விடுதலைக்கு ஃப்ரீடம், லிபர்ட்டி என்று இரண்டு சொற்கள் உண்டு. முதலாவது ஜெர்மானியக் குடும்பத்தது, இரண்டாவது லத்தீன் வழி வந்தது. ஃப்ரீ என்பதன் வேர் 'அன்பு கொள்' என்ற பொருளுடையது. நண்பனைக் குறிக்கும் ஃபிரெண்ட் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தது. சமஸ்கிருதத்தின் 'பிரிய' என்ற சொல்லும், அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'பிரியம்' என்பதும் இந்த வேரின் தூரத்து உறவுகளே.

அன்புக்கும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? பழைய ஜெர்மானியக் குடும்பத்தில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். ஒரு வகையினர் வீட்டுத் தலைவனின் ரத்த உறவுகள், பிரியத்துக்குரியவர்கள். இன்னொரு வகையினர் அதே கூரையின் கீழ் உழைத்துக் கிடந்த அடிமைகள். 'பிரியத்துக்குரியவர்' என்ற சொல் அடிமையல்லாதவரைக் குறிக்கத் தொடங்கி, பிறகு சுதந்திரமானவர் என்று ஆயிற்று. லத்தீனிலும் கதை இதுதான். லிபர் என்றால் சுதந்திரமானவன். அதன் பன்மையான லிபெரி என்பதற்கு 'பிள்ளைகள்' என்றும் பொருள். யாருடைய பிள்ளைகள்? வீட்டு எஜமானின் பிள்ளைகள். அடிமையின் பிள்ளை லிபெரியில் சேராது.

ஆக, இந்தச் சொல் 'மனிதர் யாவருக்கும் உரியது' என்று பிறக்கவில்லை. யார் வீட்டைச் சேர்ந்தவர், யார் வீட்டில் வேலை செய்பவர் என்று பிரித்துக்காட்டப் பிறந்தது. 1215இல் இங்கிலாந்து அரசனிடம் பிரபுக்கள் எழுதி வாங்கிய மாக்னா கார்ட்டாவை உரிமைகளின் தாய் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அதன் புகழ்பெற்ற பிரிவு பாதுகாப்புத் தருவது 'ஃப்ரீ மனிதனுக்கு' மட்டும்தான். அன்றைய இங்கிலாந்தில் பண்ணையோடு கட்டிப்போடப்பட்டிருந்த குடியானவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தவில்லை. 1776இல் மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிரகடனம் செய்த அமெரிக்காவில், அதை எழுதியவர்களிலேயே அடிமைகளை வைத்திருந்தவர்கள் உண்டு. 1865இல் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்த பிறகு அந்தக் கறுப்பின மக்களுக்கு இங்கிலீஷ் ஒரு தனிச் சொல் வைத்தது: ஃப்ரீட்மென். ஃப்ரீயாகப் பிறந்தவன் வேறு, ஃப்ரீ செய்யப்பட்டவன் வேறு. முதலாவது பிறப்பால் வருவது. இரண்டாவதில் ஒரு வினை இருக்கிறது. யாரோ கட்டியிருந்தார்கள், அந்தக் கட்டு அறுந்தது என்ற செய்தி அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

இந்த வித்தியாசத்தை நம் நாட்டில் நன்றாக உணர்ந்தவர் ஜோதிராவ் புலே. 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அவர் காணிக்கையாக்கினார். இங்கிலாந்தின் பிரபுக்களை அவர் தேடிப் போகவில்லை. தன்னைப் போலக் கட்டப்பட்டவர்களின் கதையைத்தான் தேடிப் போனார்.

3

'அது இங்கிலீஷ்காரன் சொல். நம்ம சொல் அப்படியில்லை' என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும், தமிழையும் பார்த்துவிடுவோம்.

சுதந்திரம் என்ற சொல் சுவதந்திரம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். ஆகஸ்ட் 15 என்றாலே இன்று நினைவுக்கு வரும் இந்தச் சொல்லுக்கு, கொடி ஏற்றத் தொடங்குவதற்கு முன்பு தமிழில் வேறொரு வாழ்க்கை இருந்தது. பழைய கிறிஸ்தவத் தமிழ் நூல்களைப் புரட்டினால் 'சுதந்தரம்' என்பது பரம்பரைச் சொத்து, 'சுதந்தரவாளி' என்பவர் வாரிசு, 'சுதந்தரித்தல்' என்பது சொத்தை உரிமையாக அடைதல். கிராமத்து மாதா கோயில்களில் இன்றைக்கும் வயசானவர்கள் ஜெபத்தில் இந்தப் பொருளில் இதைச் சொல்லக் கேட்கலாம்.

சென்னை மாகாணத்து வருவாய் ஆவணங்களில் இதே சொல் இன்னும் கறாரான பொருளில் வருகிறது. களத்தில் நெல் அளக்கும்போது காணியாட்சிக்காரர்களுக்கும், ஊர் உத்தியோகக்காரர்களுக்கும், ஊர் வேலைக்காரர்களுக்கும் பரம்பரைப் பாத்தியதையாக ஒதுக்கப்படும் தானியப் பங்குக்கு 'சுதந்திரம்' என்றே பெயர். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் அந்தச் சொல்லை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்தார்கள். நிலம் வைத்திருந்தவனின் சுதந்திரம் பெரியது. வெட்டியான், தோட்டி வேலை செய்தவனுக்கும் ஒரு பங்கு உண்டு, களத்து ஓரத்தில் கடைசியாக அளந்து போடுவது. அந்தக் கடைசிப் படி அவனைச் சுதந்திரமானவனாக ஆக்கவில்லை. இன்ன சாதியில் பிறந்தவன் இன்ன வேலையைத்தான் செய்யவேண்டும் என்று கட்டிப்போட்ட கயிறே அந்தப் படிதான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃப்ரீ என்றால் வீட்டுப் பிள்ளை. சுதந்திரம் என்றால் வீட்டுச் சொத்து. இரண்டும் உள்ளே இருக்கிறவனின் சொற்கள்.

விடுதலை என்ற சொல் அப்படிப்பட்டதில்லை. அது 'விடு' என்ற வினையடியில் பிறந்தது. கட்டு இல்லாதவனுக்கு அந்தச் சொல் தேவைப்படாது. சிறைப்பட்டவனுக்கும், அடிமைப்பட்டவனுக்கும், கடன்பட்டவனுக்கும்தான் தேவைப்படும். இதே வினை முதல் நீண்டு 'வீடு' என்றாகும். கெடு என்பது கேடு என்றாவதுபோல, சுடு என்பது சூடு என்றாவதுபோல. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் கடைசியாக நிற்கும் வீட்டுக்கு விடுபடுதல் என்றே பொருள். மனிதர் வேலைகளை விட்டு வந்து தங்கும் இடத்துக்கும் அதே பெயர். இந்தப் பாடத்தைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வாழ்நாளெல்லாம் வாசல்படி தாண்ட அனுமதியில்லாத இடத்தின் பெயரும் வீடு, அவர்களுக்குக் கிடைக்கவேண்டியிருந்ததன் பெயரும் வீடு.

4

திருப்பூருக்கு ஒரு சுதந்திரக் கதை உண்டு. அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. 1932 ஜனவரி 10ஆம் தேதி தடையை மீறிக் கொடி பிடித்து ஊர்வலம் போன குமாரன் போலீசின் தடியடியில் மண்டை உடைந்து, மறுநாள் 11ஆம் தேதி இறந்துபோனார். சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், திருப்பூருக்கு வந்து மில்லில் கணக்கு எழுதிப் பிழைத்தவர். அவருடைய சாவை நாம் சிறுமைப்படுத்தவில்லை. உழைக்கிற குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அடிவாங்கிச் செத்தார் என்பதை மறக்கவும் கூடாது. நம் கேள்வி வேறு.

அதே 1932இல், அதே திருப்பூரைச் சுற்றியிருந்த அவிநாசி, பல்லடம், காங்கயம் காட்டுப் பகுதிகளில் என் பாட்டனும் பூட்டனும் பண்ணையத்து ஆட்களாக இருந்தார்கள். கிணற்றில் கவலை ஓட்டினார்கள், அந்தக் கவலைக்கு வேண்டிய தோல் பறியைத் தைத்துக் கொடுத்தார்கள், செத்த மாட்டைத் தூக்கினார்கள். கதர் வேலையின் பெரிய மையமாக இந்த ஊர் இருந்த காலம் அது. அந்தக் கதருக்கான பருத்திக் காட்டில் களையெடுத்தவர்கள் யார் என்று எந்த வரலாற்றுப் புத்தகமும் எழுதவில்லை. கொடி எங்களுக்கும் சேர்த்துத்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். கொடி பறந்த தெருவில் செருப்புப் போட்டு நடக்க எங்களுக்கு உரிமை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், சுதேசி முழக்கம் உச்சத்தில் இருந்த நேரத்திலேயே அதைக் கடுமையாக விமர்சித்தார். சாதி வேஷத்தைக் கலைக்காமல் சுதேசியம் பேசுகிறவர்கள் யாருக்கான தேசத்தைக் கேட்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வியின் சாரம். பெரியார் 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார். அவருடைய இயக்கத்துக்குள்ளேயே அண்ணாதுரை அதை ஏற்கவில்லை.

எல்லோரையும்விடத் தெளிவாக இந்தச் சொல்லைப் பிரித்து வைத்தவர் அம்பேத்கர். 1936இல் லாகூர் மாநாட்டுக்கென எழுதி, பேச அனுமதிக்கப்படாமல் போய், அவரே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் லிபர்ட்டி பற்றி ஓர் இடம் வருகிறது. நடமாடும் உரிமை, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்ற அளவில் லிபர்ட்டியை யாரும் மறுக்கமாட்டார்கள், ஆனால் தனக்கு வேண்டிய தொழிலைத் தானே தேர்ந்தெடுக்கும் லிபர்ட்டி என்று வந்தால் சாதியை ஆதரிப்பவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்கிறார். அதை மறுப்பது அடிமைத்தனத்தை நிலைக்க வைப்பதுதான். சட்டத்தில் அடிமை என்று எழுதியிருந்தால் மட்டுமே ஒருவன் அடிமை என்பதில்லை, தன் வாழ்க்கை எப்படிப் போகவேண்டும் என்பதை அடுத்தவன் தீர்மானிக்க, அதை ஏற்றே ஆகவேண்டிய நிலையும் அடிமைத்தனம்தான் என்று விளக்குகிறார். 1843இலேயே வெள்ளைக்கார அரசு அடிமைமுறையைக் கோர்ட்டு ஏற்காது என்று சட்டம் போட்டிருந்தது. அதற்குப் பின் நூறு வருஷத்துக்கு மேலாகப் பண்ணையடிமை எப்படி நீடித்தது என்பதற்கு அம்பேத்கரின் இந்த விளக்கமே பதில். காகிதத்தில் அடிமை இல்லை. காட்டில் இருந்தான்.

5

என் அப்பா பத்து வயதில் மாடு மேய்க்கப் பண்ணையத்துக்கு விடப்பட்டவர். தாத்தா வாங்கிய கடனுக்கு வட்டியாகப் பிள்ளை போனது. கம்பும் சோளமும் படியாக அளப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு துணி. டீ கொட்டாங்குச்சியில். தன்னைவிட வயசில் சின்னப் பையனையும் "சாமி" என்றுதான் கூப்பிடவேண்டும். அவன் இவரை "ஏன்டா" என்பான்.

1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் சட்டமாக நிறைவேறிய கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், இந்தக் கடன்களெல்லாம் செல்லாது என்றது. அந்தச் செய்தி எங்கள் சேரிக்கு வந்து சேர ரொம்ப வருஷமாயிற்று. சட்டத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தது டவுன் பஸ். அப்பா ஊரை விட்டுக் கிளம்பியது பஸ்சில்தான்.

அவர் திருப்பூருக்கு வந்தது, 1984இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளிகள் 127 நாள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. அந்தப் போராட்டத்துக்குப் பின் சங்கத்துக்குப் பிடி கொடுக்காத வகையில் வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளாகச் சிதறியது. கான்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் பெருகின. அப்பாவைப் போன்ற புதிய ஆட்கள் அந்தச் சிதறலின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாகவேண்டும். இல்லாவிட்டால் நாமும் பொய் வரலாறு எழுதியவர்களாவோம். பனியன் கம்பெனி அப்பாவுக்கு விடுதலையாகத்தான் இருந்தது. ஓவர்லாக் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்று பக்கத்து மிஷின்காரன் கேட்கவில்லை. கேட்டாலும் பொய் சொல்லலாம். டீ கண்ணாடி கிளாசில் வந்தது. சனிக்கிழமை கையில் காசு வந்தது, அதை என்ன செய்வதென்று அவரே தீர்மானித்தார். "சாமி"க்குப் பதிலாக "அண்ணா" என்று கூப்பிடலாம். இந்த ஒரு சொல் மாறியதற்காகவே அவர் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு துணி மடிக்கத் தயாராக இருந்தார். நகரத்தை, இயந்திரத்தை, முதலாளித்துவத்தை எதிர்த்து எழுதும் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். கிராமத்தைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக யோசிக்கவேண்டும்.

கார்ல் மார்க்ஸ் கூலித் தொழிலாளியை இரண்டு விதத்தில் ஃப்ரீயானவன் என்றார். யாருக்கும் அடிமையாக இல்லாததால் தன் உழைப்பை யாருக்கும் விற்க ஃப்ரீ. விற்பதற்கு உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாததால் சொத்திலிருந்தும் ஃப்ரீ. எங்களைப் பொறுத்தவரை இரண்டாவது ஃப்ரீயை யாரும் புதிதாகத் தரவேண்டியிருக்கவில்லை, அது பரம்பரையாக இருந்தது. முதல் ஃப்ரீக்காகத்தான் டவுன் பஸ் ஏறினோம்.

ஆனால் கம்பெனிக்குள் ஏணி எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். திருப்பூர் முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் தாங்களே மிஷினில் உட்கார்ந்து உழைத்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. பொய்யில்லை. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் திருப்பூர் பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'சகோதர மூலதனம்' என்று வரும். காட்டில் பாடுபட்ட கவுண்டர் குடும்பத்துப் பிள்ளைகள் தொழிலாளியாக நுழைந்து, சொந்த சாதிக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து, முதலாளிகளாக எழுந்த கதையை அது சொல்கிறது. பங்குக்கு ஆள், கடனுக்கு ஜாமீன், நூலுக்குத் தவணை எல்லாம் பங்காளி, மாமன், மச்சான் வழியாகவே வரும். அப்பாவும் பாடுபட்டார். அவருடைய பக்கத்து மிஷின்காரர் பத்து வருஷத்தில் நாலு மிஷின் போட்டு யூனிட் வைத்தார். அப்பா அந்த யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தார். இருவரின் உழைப்பும் ஒன்றுதான். அவருக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. பழைய ஜெர்மானியச் சொல்லின் பொருளில் அவர் ஃப்ரீ. அப்பா வேலையில் மட்டும் ஃப்ரீ.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது லிபர்ட்டி, சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்று அழுத்திச் சொன்னார். 1954 அக்டோபர் 3இல் வானொலியில் பேசியபோது, இந்த மூன்று சொற்களையும் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து தான் எடுக்கவில்லை, தன் ஆசான் புத்தரிடமிருந்து எடுத்தேன் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது திருப்பூரில் நின்று பார்த்தால் புரிகிறது. சாதிக்குள் அடைந்த சகோதரத்துவம் இங்கே ஏராளமாக இருக்கிறது. அது மூலதனமாகவே மாறியிருக்கிறது. புத்தர் சங்கத்தில் நாவிதர் உபாலிக்கு இடம் கொடுத்த சகோதரத்துவம்தான் இல்லை.

6

கம்பெனிக்குப் போகமுடிந்தது எல்லோராலும் அல்ல. பல்லடம், சோமனூர் வட்டாரத்து விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு தறிக்குடோனில் அடைந்தவர்களில் நம் சனங்கள் நிறைய. பழைய பண்ணையக் கடன் 'அட்வான்ஸ்' என்று இங்கிலீஷ் பெயர் வைத்துக்கொண்டது. அட்வான்ஸ் என்றால் முன்னேற்றம் என்றும் பொருளாமே! இன்னொரு தறிக்காரன் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும்வரை நகரமுடியாது.

பெண்பிள்ளைகளுக்கு வந்தது நூல் மில். 2004இல் என் அக்கா பதினாறு வயதில் போனாள். ஊருக்கு வந்த புரோக்கர் ஒரு நோட்டீஸ் கொடுத்தார். மூன்று வருஷம் வேலை செய்தால் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு. ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, டிவி பார்க்கலாம். இந்த வட்டாரத்து மில்களில் இதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் பரவியிருந்தது. 'கேம்ப் கூலி' என்றும் சொல்வார்கள். கடைசியில் தருவதாகச் சொன்ன தொகை பெரும்பாலும் 30 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் ரூபாய் வரை. கல்யாணமாகாத பெண்கள் மட்டும், வறண்ட மாவட்டங்களிலிருந்து, பெரும்பகுதி நம் பிள்ளைகள். 2011இல் ஐரோப்பிய அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. எங்கள் தெருவுக்கு அதற்கு முன்பே தெரியும்.

அக்காவை நாங்கள் மாதம் ஒருநாள் கேட்டுக்கு வெளியே பார்ப்போம். வார்டன் பக்கத்திலேயே நிற்பாள். வெளியே போகப் பாஸ் வேண்டும். இரண்டாவது ஷிப்ட் என்று எழுப்பினால் எழுந்தே ஆகவேண்டும். அவள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும், இருமிக்கொண்டே பேசுவாள். அவள் மாதாமாதம் அனுப்பிய சின்னச் சம்பளத்தில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். மூன்று வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ரத்தச் சோகையில் மயங்கி மிஷின் மேல் விழுந்தாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணக்கு முடியவில்லை என்று மொத்தத் தொகை வரவில்லை. அப்பா மில் ஆபீசில் போய் நின்றபோது மேனேஜர் சொன்னது இதுதான்: "மூணு வருசம் சாப்பாடு, ரூமு எல்லாம் ஃப்ரீயாத்தான குடுத்தம்? அதெல்லாம் கணக்குப் பண்ணுனா நீங்கதான் குடுக்கோணும்."

அப்பா திரும்பி வரும்போது பஸ்சில் என்னிடம் சொன்னார். "அங்கயும் பண்ணையந்தான் கண்ணு. படிக்குப் பதிலா ஃப்ரீன்னு அளக்கறாங்க, அவ்வளவுதான்."

அரசியல் சட்டத்தைப் பிற்பாடு படித்தேன். 'சுதந்திர உரிமை' என்ற தலைப்பின் கீழ் 19ஆவது பிரிவில் நடமாடும் சுதந்திரம், சங்கம் சேரும் சுதந்திரம், தொழில் செய்யும் சுதந்திரம் எல்லாம் இருக்கிறது. அக்காவுக்கு அந்த மூன்று வருஷத்தில் கேட்டைத் தாண்டும் சுதந்திரம் இல்லை. தீண்டாமை ஒழிப்பு சமத்துவத்தின் கீழ் 17ஆவது பிரிவில் இருக்கிறது. கட்டாய உழைப்பைத் தடுப்பது 23ஆவது பிரிவு, அது 'சுரண்டலுக்கு எதிரான உரிமை'. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவுக்குப் பெரிய விளக்கம் தந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால், பசியின் கட்டாயத்தில்தான் செய்கிறார், அதுவும் கட்டாய உழைப்பே என்றது. தடியும் சங்கிலியும் இருந்தால்தான் அடிமை என்பதில்லை. அம்பேத்கர் 1936இல் எழுதியதை நீதிமன்றம் வந்து தொட 46 வருஷம் ஆயிற்று.

அதே கொத்தடிமைச் சட்டத்தின் கீழ் மீட்கப்படுபவருக்கு அதிகாரி ஒரு தாள் கொடுப்பார். அதன் பெயர் விடுதலைச் சான்று. அரசாங்கம் எங்கள் கையில் இந்தச் சொல்லை எழுதிக் கொடுக்கும் இடம் அது ஒன்றுதான். சுதந்திர தினத்தில் மிட்டாய் கொடுப்பார்கள், தாள் கொடுப்பதில்லை.

7

2005 ஜனவரி 1ஆம் தேதியோடு உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா ஒழிந்தது. ஃப்ரீ டிரேடு வந்தது என்று ஊரே கொண்டாடியது. பனியனுக்கு எந்த நாட்டுக்கும் போக ஃப்ரீ கிடைத்தது. அந்த வருஷம் அக்கா மில் கேட்டுக்கு உள்ளே இருந்தாள். இன்று அதே மிஷின்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நோட்டீஸ் இந்தியில் அடிக்கப்படுகிறது, ஃப்ரீ என்ற சொல் மட்டும் மாறவில்லை. அவர்களை வெளியாள் என்று பார்க்கும் நம் இளைஞர்கள் இந்தச் சொல்லின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். வீட்டுக்குள் சேர்க்கப்படாதவன் யாரோ, அவனுக்கு முன்னால்தான் இந்தச் சொல் இலவசமாக நீட்டப்படும்.

சுதந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பழைய பொருளிலேயே அது நமக்கு வேண்டும். களத்தில் அளந்த பங்கு அது என்றால், நிலத்திலும் படிப்பிலும் வேலையிலும் கம்பெனிப் பங்கிலும் நமக்குச் சேரவேண்டிய சுதந்திரம் பாக்கி நிற்கிறது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானதும், 2024 ஆகஸ்ட் 1இல் உச்சநீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னதும் அந்தப் பாக்கியில் ஒரு படி. கடைசியாக அளந்தது, ஆனாலும் கேட்டு வாங்கியது.

உலகத்தில் எழுத்தில் கிடைக்கும் விடுதலைச் சொற்களில் மிகப் பழையது சுமேரியர்களுடையது. நாலாயிரம் வருஷத்துக்கும் முந்தைய களிமண் பலகைகளில் 'அமர்கி' என்று எழுதியிருக்கிறது. கடனுக்காக அடிமையானவர்களை அரசன் விடுவித்தபோது எழுதிய சொல். அதன் நேர்ப்பொருள், 'தாயிடம் திரும்புதல்'.

அக்கா திரும்பி வந்த அன்று அம்மா அவளை வாசலில் உட்காரவைத்துத் தலையில் இருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் பேசவில்லை. அக்காவுக்கு இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. வீட்டிலிருந்தபடியே பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டுகிறாள். இந்தக் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "அந்தப் பணம் எப்பக் கெடைக்கும்னு எழுதலியே" என்றாள்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி பாக்கி இருக்கும்வரை இந்த ஊரில் யாரும் ஃப்ரீ என்ற சொல்லை எங்களிடம் சும்மா நீட்டிவிட முடியாது.